மிதிவண்டியும் மின்கலமும்

ஒரு கருவியின் வரலாறு இரு பகுதிகளை உடையது. ஒன்று, அதனை ஆக்கியவர் வரலாறு; மற்றொன்று, அதனைக் காத்தவர் வரலாறு. முன்னதை நூல்கள் விரிவாகக் கூறும். பின்னதைக் கூறுவார் மிகச் சிலரே. ஆயினும், ஆக்கிய பொருளைக் காக்க இயலாதபோது அப்பொருள் உலகில் நிலைபெறுவதில்லை. இவ்வுண்மைக்குச் சான்றாக நிற்பவற்றுள் மின்மிதிவண்டியின் வரலாறு தலையாயது எனலாம்.

சைக்கிள் என்று யாவரும் வழங்கும் மிதிவண்டியோடு மின்பொறியும் மின்கலமும் சேர்ந்தது மின்மிதிவண்டி. இஃது இருபத்தோராம் நூற்றாண்டின் புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது. சக்கரத்தின் குடத்துள்ளே மின்பொறியை அமைக்கும் முறைக்கு 1895-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை வழங்கப்பட்டது. அதன் பின்னர் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் அவ்வண்டி உறங்கிக் கிடந்தது. அஃது ஏன் உறங்கிற்று? எதனால் விழித்தது? விழித்தபின் அதனைப் பேணுவோர் அறிந்திருக்க வேண்டுவன யாவை? இம்மூன்று வினாக்களும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

மிதிவண்டியின் தோற்றம்

ஜெர்மனி நாட்டு மன்ஹைம் நகரில் 1817-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், கார்ல் வான் டிரைஸ் என்பார் இரு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டிய மரவண்டியில் ஏறிச் சென்றார். அதற்குப் பெடல் இல்லை, சங்கிலியும் இல்லை. ஏறியவர் தம் கால்களால் நிலத்தை உந்தி உந்திச் செல்லுதல் வேண்டும். ஆயினும், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு சக்கரங்களின்மேல் மனிதன் விழாமற் செல்லக்கூடும் என்னும் உண்மையை உலகுக்குக் காட்டியது அவ்வண்டியே.

1860-களில் பிரான்சு நாட்டார் முன்சக்கரத்தின் அச்சிலே பெடலைப் பொருத்தினர். பெடல் ஒருமுறை சுற்றினால் சக்கரமும் ஒருமுறையே சுற்றும். ஆகவே, விரைவு வேண்டுவோர் முன்சக்கரத்தைப் பெரிதாக்கினர். 1870-களில் அச்சக்கரம் ஆளின் மார்பளவு உயர்ந்தது. விரைவு மிகுந்தது, ஆபத்தும் உடன் மிகுந்தது. கல்லொன்று இடறினால் ஏறியவர் தலைகுப்புற வீழ்வார். இளைஞரன்றிப் பிறர் அதனை அணுகவும் அஞ்சினர்.

இவ்விடரைத் தீர்த்தது சங்கிலி. மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பார் 1880-ஆம் ஆண்டு உருளைச் சங்கிலியை அமைத்தார். இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-ஆம் ஆண்டு 'ரோவர்' என்னும் வண்டியை வெளியிட்டார். அதில் பெடலின் பெரிய பல்சக்கரத்தினின்று சங்கிலி புறப்பட்டுப் பின்சக்கரத்தின் சிறிய பல்சக்கரத்தைச் சுழற்றியது. சக்கரம் பெரிதாகாமலே விரைவு கிடைத்தது. இன்று சாலையில் ஓடும் மிதிவண்டிகள் யாவும் அந்த ரோவர் வண்டியின் வழித்தோன்றல்களே.

டயரும் பால்மரமும்

குலுங்கிக் குலுங்கிச் சென்ற வண்டியை மென்மையாக ஓடச் செய்தது காற்றடைத்த டயர். பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் முச்சக்கர வண்டிக்காக இரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துப் பார்த்தார். அம்முயற்சிக்கு 1888-ஆம் ஆண்டு அவர் காப்புரிமை பெற்றார்.

அதே 1888-ஆம் ஆண்டில்தான் எச். என். ரிட்லி என்னும் தாவரநூல் அறிஞர் சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். பிரேசில் காடுகளினின்று 1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் கொணர்ந்த விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877-ஆம் ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மரத்தை மாய்க்காமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை ரிட்லி கண்டார். எனினும், இரப்பர் பயிரிடுமாறு அவர் கூறியதைத் தோட்ட முதலாளிகள் நெடுநாள் செவிமடுத்திலர். 1896-ஆம் ஆண்டு மலாக்காவில் தான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார் அதனை வாணிக அளவில் பயிரிட்டார். அதற்குள் மேலைநாடுகளில் மிதிவண்டி வேட்கை பெருகி, டயருக்கு இரப்பர் போதாத நிலை தோன்றியிருந்தது. பின்னர் மோட்டார் வண்டி வந்து அத்தேவையைப் பன்மடங்காக்கியது.

அதன் விளைவாகவே தென்னிந்தியாவினின்று தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மலாயாத் தோட்டங்களுக்குக் கொணரப்பட்டனர். விடியுமுன் பால்வாளியோடு நிரைக்குச் சென்ற அம்மக்களின் உழைப்பே உலகத்துச் சாலைகளில் டயராகச் சுழன்றது. ஆகவே, மிதிவண்டியின் வரலாறு தமிழர்க்கு அயல்நாட்டுக் கதையன்று. அவர்தம் முன்னோர் கைபட்ட கதையாகும்.

காப்பவர் திறம்

மிதிவண்டி உலகெங்கும் பரவியதற்கு விலை குறைவு மட்டும் காரணமன்று. அதனை ஓட்டுபவனே பழுது பார்க்கவும் முடிந்தது. இதுவே தலையாய காரணம். இரண்டு ஸ்பேனர், ஒரு பஞ்சர்ப் பெட்டி, ஒரு காற்றடிக்கும் பம்பு இவை இருந்தால் போதும். எந்த ஊர்க் கடையிலும் அதன் உறுப்புகள் கிடைக்கும்.

இதற்கு மலாயா கண்ட பெருஞ்சான்று ஒன்றுண்டு. 1941-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வடக்கே கரையிறங்கிய ஜப்பானியக் காலாட்படையினர் பல்லாயிரவர் மிதிவண்டிகளில் தெற்கு நோக்கி விரைந்தனர். பாலங்கள் தகர்க்கப்பட்ட இடங்களில் வண்டியைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தனர். பழுது பார்ப்போர் படைப்பிரிவுகளோடு உடன் சென்றனர். வெப்பத்தில் டயர் வெடித்தபோது வெறுஞ் சக்கர வட்டின்மேலேயே ஓட்டினர். இரவில் அவ்வோசை கவசவண்டிகளின் ஓசைபோல் கேட்டது என்பர். 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அப்போரின் கொடுமைகளை எவரும் மறத்தற்கில்லை. ஆயினும், எளிதிற் பழுதுபார்க்கத்தக்க கருவி எத்துணை ஆற்றல் உடையது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

மின்சாரம் சேர்ந்த வரலாறு

இனி, மின்சாரம் இவ்வண்டியோடு சேர்ந்த வரலாற்றைக் காண்பது பொருந்தும். மீண்டும் மின்னேற்றத்தக்க ஈயமின்கலத்தை 1859-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு கஸ்தோன் பிளாந்தே கண்டார். 1881-ஆம் ஆண்டு கமீய் ஃபோர் அதனைத் திருத்தி மிகுந்த மின்னாற்றலைத் தேக்கச் செய்தார். அவ்வாண்டிலேயே குஸ்தாவ் துரூவே என்பார் ஆங்கிலேயர் செய்த முச்சக்கர மிதிவண்டி ஒன்றில் மின்பொறியைப் பூட்டிப் பாரிசுத் தெருவில் ஓட்டிக் காட்டினார். மறு ஆண்டு இலண்டனில் அயர்ட்டன், பெர்ரி என்னும் பேராசிரியர் இருவர் மின்விளக்கும் உடையதாக மின்முச்சக்கர வண்டி ஒன்றைச் செய்தனர்.

இருசக்கர வண்டியில் இதனை அமைத்தவர் அமெரிக்க நாட்டு ஒஹையோ மாநிலத்து ஆக்டன் போல்டன். அவர் பெற்ற காப்புரிமையின் நாள் 1895 டிசம்பர் 31. பின்சக்கரத்தின் குடத்தினுள்ளே மின்பொறி. வண்டிச் சட்டத்தின் நடுவே தொங்கும் மின்கலம். இரண்டாண்டு கழித்து, 1897-இல், பாஸ்டன் நகரத்து ஹோசியா லிபி பெடலின் அச்சருகே இரட்டைப் பொறியை அமைக்கும் முறைக்கு உரிமை பெற்றார். இன்று விற்கும் மின்மிதிவண்டிகளும் பெரும்பாலும் இவ்விரு வகையினவே: குடப்பொறி வகை, நடுப்பொறி வகை. மூலக் கருத்து முழுவதும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிறைவுற்றது என்பது வியப்புக்குரியது.

அங்ஙனமாயின், அது பரவாமற் போனது ஏன்? ஒரு சிறு கணக்கு விடை கூறும். போல்டன் கூறிய பொறி 10 வோல்ட்டில் 100 ஆம்பியர் வரை இழுக்க வல்லது. அஃதாவது 1,000 வாட் ஆற்றல். ஒரு கிலோகிராம் ஈயமின்கலம் இக்காலத்திலும் 30 முதல் 40 வாட்-மணி ஆற்றலையே தேக்கும். எனவே, அப்பொறியை ஒரு மணி நேரம் முழு வலிமையோடு ஓட்ட, இன்றைய கலமே 25 கிலோகிராமுக்குக் குறையாமல் வேண்டும். அன்றைய கலத்திற்கு எடை இதனினும் மிகும். மிதிவண்டியின் எடையினும் மின்கலத்தின் எடை மேற்பட்டது. குலுங்கும் சாலையில் ஈயத்தகடுகள் உதிர்ந்தன. அமிலம் சிந்தி இரும்பை அரித்தது. மின்னேற்றப் பெரும்பாலான ஊர்களில் மின்சாரமே இல்லை. அதற்குள் பெட்ரோல் பொறி முன்னேறி மோட்டார் சைக்கிளைத் தந்தது. பொறி சிறந்திருந்தும் மின்கலத்தோடு வாழ்க்கை நடத்த முடியாமற் போனதே தோல்விக்குக் காரணம் என்க.

கியர் குறித்த பூசல்

மின்சாரம் உறங்கிய அக்காலத்தில் வேறொரு பூசல் நிகழ்ந்தது. பிரான்சு நாட்டு சேந்த்-எத்தியேன் நகரில் வாழ்ந்த போல் தெ விவீ (1853–1930) என்பார், மலையேறும்போது எளிய பல்சக்கரத்திற்கும் சமநிலத்தில் கடிய பல்சக்கரத்திற்கும் மாற்றிக்கொள்ளும் கியர் முறையைப் பெரிதும் பரப்பினார். ஆனால், 1903-இல் 'தூர் தெ பிரான்சு' என்னும் பெரும் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெகிரான்சு அதனை ஏற்றிலர். கியர் முதியோர்க்கும் தளர்ந்தோர்க்கும் உரியது. தசை வலியால் வெல்வதே வெற்றி என்பது அவர் கொள்கை. சங்கிலியை ஓட்டத்திலேயே மாற்றும் கியர் அப்பந்தயத்தில் 1937-ஆம் ஆண்டு வரை அனுமதிக்கப்படவில்லை.

இன்று கியர் இல்லாப் பந்தய மிதிவண்டியை நினைத்துப் பார்ப்பவர் யார்? மின்மிதிவண்டியைக் கண்டு 'இஃது ஏமாற்று வித்தை' என்று கூறுவோர் இப்பூசலை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. எனினும், இரண்டும் முற்றும் ஒன்றல்ல. கியர் ஓட்டுபவனின் ஆற்றலைத் திருத்திக் கொடுக்கிறது. மின்பொறி வெளியாற்றலைக் கூட்டுகிறது. ஆகலின் பந்தயத்தில் அதற்கு இடமில்லை. 2016-ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டு ஜோல்டரில் நிகழ்ந்த உலகப் போட்டியில் ஒரு வண்டியின் சட்டத்துள்ளே மறைத்த பொறி கண்டுபிடிக்கப்பட்டு, உரியவர் விலக்கப்பட்டதும் இக்காரணம் பற்றியே. பந்தயத்துக்கு ஏலாதது, வாழ்க்கைக்கும் ஏலாதது ஆகிவிடுமா? அறுபதைக் கடந்தவரும், நோயினின்று தேறியவரும், வலிய துணையோடு உடன் செல்ல விரும்புவோரும் பந்தயக்காரர் அல்லரே.

உறக்கம் கலைந்தது

மின்மிதிவண்டியை எழுப்பியவை இரண்டு. முதலாவது, உதவியை அளந்து கொடுக்கும் அறிவு. ஜப்பான் நாட்டு யமஹா நிறுவனம் 1993-ஆம் ஆண்டு 'பாஸ்' என்னும் வண்டியை வெளியிட்டது. மிதிப்பவர் பெடலில் எவ்வளவு வலிமை செலுத்துகிறார் என்பதை ஓர் உணர்கருவி அளக்கும். அவ்வளவிற்கு ஏற்பப் பொறி துணை செய்யும். மணிக்கு 15 கிலோமீட்டர் வரை மனிதர் பாதி, பொறி பாதி. அதன்மேல் உதவி படிப்படியாகக் குறைந்து 24 கிலோமீட்டரில் நின்றுவிடும். மிதிக்காதவர்க்கு உதவி இல்லை. இதனால் அவ்வண்டி மோட்டார் சைக்கிளாக மாறாமல் மிதிவண்டியாகவே நின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-ஆம் ஆண்டு இயற்றிய விதி, மிதித்தால் மட்டும் உதவி, 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் என எல்லை வகுத்தது.

இரண்டாவது, லித்தியம் மின்கலம். குட்இனஃப் 1980-இல் கண்ட கோபால்ட் ஆக்சைடு மின்முனையும், யொஷினோ 1985-இல் செய்த மாதிரிக் கலமும் சேர்ந்து, 1991-இல் சோனி நிறுவனத்தின் வழியாக விற்பனைக்கு வந்தன. இவ்விருவர்க்கும், முன்னோடியான விட்டிங்ஹாமுக்கும் 2019-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஈயமின்கலம் கிலோகிராமுக்கு 40 வாட்-மணி தேக்கும் இடத்தில், இக்காலச் சிறந்த லித்தியம் கலங்கள் 200-க்கு மேலும் தேக்குகின்றன. எடைச் சிக்கல் இவ்வாறு தீர்ந்தது.

இதன் பயனாகவே மெல்லிய டயரும் வளைந்த கைப்பிடியும் உடைய சாலைப் பந்தய வடிவ வண்டியிலும் மின்பொறி இடம்பெற்றது. ஸ்பெயின் நாட்டில் உருவாகி, பின்னர் ஜெர்மனியின் மாலே நிறுவனத்தைச் சேர்ந்த எக்ஸ்35 என்னும் அமைப்பில், குடப்பொறி, மின்கலம், கம்பி யாவும் சேர்ந்து ஏறத்தாழ 3.5 கிலோகிராமே. மின்கலம் சட்டத்தின் கீழ்க்குழாயினுள் மறைந்திருக்கும். இத்தகைய வண்டிகள் 11 முதல் 14 கிலோகிராம் எடைக்குள் அமைகின்றன. மின்சாரம் தீர்ந்தாலும் மிதித்தே வீடு சேரலாம்.

அதனோடு வாழ்தல்

இவ்வண்டியின் இயல்பை அறியாது வாங்குவோர் ஏமாற்றம் அடைவர். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 85 கிலோகிராம் எனக் கொள்க. காற்றில்லாச் சமநிலத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ 100 வாட் வேண்டும். ஓரளவு பயின்றவர் இதனைத் தாமே தருவர். அதற்கு மேல் விரைந்தால் சட்டப்படி பொறி ஓய்ந்துவிடும். ஆகவே, சமநிலத்தில் பொறிக்கு வேலை குறைவு.

மலைச்சாலையிலோ கதை வேறு. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 15 கிலோமீட்டர் ஏற, சற்றேறக்குறைய 200 வாட் வேண்டும். ஓட்டுபவர் 100 வாட் தர, எஞ்சிய 100 வாட்டைப் பொறி தரும். இழப்பையும் சேர்த்து மின்கலத்தினின்று 125 வாட் செலவாகும் எனின், 250 வாட்-மணிக் கலம் இரண்டு மணி நேரம் உதவும். அதற்குள் 30 கிலோமீட்டர் சாலையில் 1,500 மீட்டர் உயரம் ஏறிவிடலாம். மின்கலத்தை மலைக்கென்று சேமித்து வைப்பவரே இவ்வண்டியை அறிந்தவர்.

நாட்டுச் சட்டத்தையும் அறிதல் வேண்டும். சிங்கப்பூரில் இவ்வண்டி 20 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. 250 வாட், 25 கிலோமீட்டர் என்னும் எல்லை அங்கும் உண்டு. ஓட்டுபவர் 16 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும். 2022-ஆம் ஆண்டு ஜனவரி முதல் எழுத்துத் தேர்விலும் தேறியிருத்தல் வேண்டும். பொறியைத் திருத்தி விரைவைக் கூட்டுவது குற்றம்.

பேணும் முறை

முதலிற் சங்கிலி. மழையில் ஓட்டிய வண்டியைத் துடைக்காது நிறுத்துவது சங்கிலிக்கு நஞ்சூட்டுவது போலாகும். மணலும் ஈரமும் சேர்ந்து அரம்போல் தேய்க்கும். துணியால் துடைத்து, ஒவ்வோர் உருளைக்கும் ஒருதுளி எண்ணெய் இட்டு, மிகுந்ததை மீண்டும் துடைத்தெடுத்தல் வேண்டும். சங்கிலியின் ஆணிகளுக்கிடையே உள்ள தொலைவு அரை அங்குலம். புதுச் சங்கிலியில் 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 12 அங்குலமும் பதினாறில் ஒரு பங்கும் ஆகிவிட்டால் சங்கிலியை மாற்றுக. மாற்றாது விடின் பல்சக்கரங்களும் தேய்ந்து செலவு பன்மடங்காகும். நடுப்பொறி வண்டியில் பொறியின் விசையும் சங்கிலி வழியே செல்வதால் தேய்வு விரைவில் நேரும். குடப்பொறி வண்டியில் அக்குறை இல்லை.

ஆனால், குடப்பொறிக்கு வேறொரு தொல்லை உண்டு. பின்சக்கரம் பஞ்சர் ஆனால் எளிதிற் கழற்ற முடியாது. முதலில் மின்கம்பியின் இணைப்பைப் பிரித்து, பின்னர் அச்சின் நட்டைத் தளர்த்த வேண்டும். அதற்குரிய ஸ்பேனர் இன்றிப் பயணம் புறப்படுவோர் வழியில் வருந்துவர். வீட்டிலே ஒருமுறை கழற்றி மாட்டிப் பழகிக்கொள்வது நன்று. குடம் கனமானது, பொறியின் இழுப்பும் அதன் கம்பிகளின்மேல் விழும். ஆகவே தளர்ந்த கம்பி உண்டா எனக் கையால் தொட்டுப் பார்ப்பதும், வாரந்தோறும் டயரின் காற்றழுத்தத்தைச் சரிபார்ப்பதும், பிரேக் பட்டை தேய்ந்துள்ளதா என நோக்குவதும் வழக்கமாதல் வேண்டும்.

இனி மின்கலம். 36 வோல்ட் கலம் என்பது சிறு கலங்கள் பத்தைத் தொடராக இணைத்தது. ஒவ்வொன்றும் முழுதும் மின்னேறும்போது 4.2 வோல்ட்டை அடையும். அந்நிறைவிலேயே நெடுநாள் வைத்திருப்பதும், முற்றும் வறண்டு கிடக்க விடுவதும் கலத்தின் ஆயுளைக் குறைக்கும். பல நாள் ஓட்டாதிருக்க நேரின் பாதியளவு மின்னேற்றி, நிழலான குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். வெயிலில் மூடிய மோட்டார் வண்டியினுள் விட்டுச் செல்வது பெருந்தீங்கு. வெப்ப நாடுகளில் வாழ்வோர் இதனைக் குறிப்பாக மனத்திற் கொள்க. தண்ணீரைக் குழாய்வழி விசையாகப் பீய்ச்சிக் கழுவினால் இணைப்புகளுள் நீர் புகும். ஈரத்துணியால் துடைப்பதே போதும்.

உரிய மின்னேற்றியன்றிப் பிறிதொன்றை மாட்டலாகாது. கீழே விழுந்து நசுங்கிய கலத்தை மீண்டும் பயன்படுத்தலாகாது. வீட்டு வாயிலை மறித்து மின்னேற்றுவதும், எல்லோரும் உறங்கும் வேளையில் மின்னேற்றுவதும் அறவே விலக்கத்தக்கவை. இவை வெற்று அச்சுறுத்தல் அல்ல. நியூயார்க் நகரில் 2023-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் லித்தியம் மின்கலத்தால் 268 தீ நிகழ்ந்து 18 பேர் மாண்டனர். அதே ஆண்டு செப்டம்பரில், தரச்சான்று பெறாத மின்மிதிவண்டிகளை விற்பது அந்நகரிற் சட்டத்தால் தடுக்கப்பட்டது.

திறக்க முடியாத பெட்டி

இறுதியாக எண்ணத்தக்கது ஒன்றுண்டு. பழைய மிதிவண்டியின் பெருமை அதன் பொதுமை. எந்த நாட்டில் வார்த்த சங்கிலியாயினும் ஆணியிடைத் தொலைவு அரை அங்குலமே. அதனால்தான் சிற்றூர்க் கடைக்காரரும் அதற்கு வைத்தியராக விளங்க முடிந்தது. மின்கலத்திற்கோ அத்தகைய பொது அளவு இல்லை. ஒரு நிறுவனத்தின் கலம் மற்றொன்றின் வண்டியிற் பொருந்தாது. பொறியின் பழுதை அறியவும் அந்நிறுவனத்தின் தனிக்கருவி வேண்டும்.

2023-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஆம்ஸ்டர்டாம் நகரத்து வான்மூஃப் என்னும் மின்மிதிவண்டி நிறுவனம் முறிந்தது. அவ்வண்டிகள் கைப்பேசிச் செயலியோடு பிணைக்கப்பட்டவை. நிறுவனத்தின் கணினி நின்றுவிட்டால் தம் வண்டி தமக்கே திறவாது போய்விடுமோ என்று அவற்றை வாங்கியோர் கலங்கினர். போட்டி நிறுவனம் ஒன்று அவர்கள் தத்தம் வண்டியின் மறைதிறவுகோலைப் படியெடுத்து வைத்துக்கொள்ள வழி செய்து உதவியது. சட்டம், சக்கரம், சங்கிலி யாவும் நலமாக இருக்க, வண்டி மட்டும் பயனற்றுப் போகக்கூடும் என்னும் நிலை மிதிவண்டி வரலாற்றில் அதற்குமுன் கேட்டறியாதது. நிறுவனம் மறைந்த பின்னரும் நெடுங்காலம் ஓடிய பழைய மிதிவண்டிகள் எத்தனை!

இக்குறையை உணர்ந்த ஐரோப்பிய ஒன்றியம் 2023-ஆம் ஆண்டு மின்கலச் சட்டம் ஒன்றை இயற்றியது. 2027-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் முதல், இத்தகைய வண்டிகளின் மின்கலத்தை நிறுவனம் சாராத தொழிலறிஞர் எவரும் கழற்றி மாற்றத்தக்கவாறு அமைத்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. பயன்தீர்ந்த கலங்களுள் 2028-ஆம் ஆண்டு இறுதிக்குள் நூற்றுக்கு 51 பங்கும், 2031-ஆம் ஆண்டு இறுதிக்குள் 61 பங்கும் திரட்டப்படுதல் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் ஆணை.

சட்டம் ஒருபுறம் இருக்க, கற்பிப்போர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. முற்காலத்தில் மிதிவண்டி ஒன்று வீட்டிலிருந்தால், பஞ்சர் ஒட்டுவதும் சங்கிலி மாட்டுவதும் பிள்ளைகள் தாமே கற்றனர். கற்றதன் பயன் வண்டியோடு நின்றதில்லை. 'எந்தப் பொருளையும் திறந்து பார்த்து அறியலாம்' என்னும் துணிவு அவர்க்குப் பிறந்தது. மின்கலத்தை அவ்வாறு திறத்தல் தகாது; அது தீங்கு பயக்கும். ஆனால், அதன் இயல்பை அறிவது தகும்; வோல்ட்டும் வாட்டும் கணக்கிடுவது தகும்; சங்கிலியை அளவுகோல் கொண்டு அளப்பது தகும். வகுப்பறையில் எழுதும் கணக்கு வீட்டு வாயிலில் நிற்கும் வண்டியோடு சேரும்போது கல்வி உயிர் பெறும்.

ஆக்டன் போல்டன் 1895-இல் அமைத்த வண்டி பொறியின் குறையால் உறங்கவில்லை. காக்க இயலாமையால் உறங்கிற்று. இன்று காக்கும் வழி பிறந்துள்ளது. அவ்வழி, செய்தவன் கையில் மட்டும் பூட்டி வைக்கப்படுமாயின் அவ்வண்டி மீண்டும் உறங்கவும் கூடும். ஓட்டுபவனும் ஊர்க் கடைக்காரனும் அறியத்தக்க பொது அறிவாக அது பரவுமாயின், மிதிவண்டியைப் போலவே மின்மிதிவண்டியும் எளியோர் செல்வமாய் நிலைபெறும்.